அக்டோபருக்குள்

எட்டாம் வகுப்பு அமெரிக்க வரலாற்றில் எந்த மாதம் என்ன பாடம், வகுப்புக்கு என்னென்ன விதி என்று பலகையில் எழுதி, பெற்றோருக்கு விளக்கி முடித்தாள் கிரெட்டா. பிள்ளைகளின் சின்ன நாற்காலிகளிலிருந்து எல்லோரும் எழுந்து போய்விட்டார்கள். பிலாலின் அம்மா ஹோதன் மட்டும் நகரவில்லை.

"அரசியல் சாசனம் நவம்பர்லயா டீச்சர்? ரொம்பத் தள்ளிப் போட்டிருக்கீங்க."

"பாடத்திட்டமே அப்படித்தாங்க."

"அடிமை முறை, உள்நாட்டுப் போர் எல்லாம் அடுத்த வருஷம்னு இருக்கு. அதையும் முன்னாடியே நடத்தணும்."

கிரெட்டா உஷாரானாள். போன வருஷம் ஒரு அப்பா இப்படித்தான் ஆரம்பித்தார். விவகாரம் பள்ளி வாரியம் வரை போனது.

"பிலாலுக்கு ஏங்க இவ்வளவு அவசரம்?"

"அவனுக்கு என்ன அவசரம்? அக்டோபர்ல அமெரிக்கக் குடியுரிமைப் பரீட்சை எனக்கு. அதுல இதையெல்லாம்தான் கேப்பாங்க. நீங்க காலையில நடத்துறதைச் சாயங்காலம் அவன் எனக்கு நடத்துறான். தப்பாச் சொன்னா சோறு கிடையாதுங்கறான், நான் ஆக்கின சோத்தையே."

கிரெட்டா சிரித்துக்கொண்டே பலகையில் நவம்பரை அழித்துவிட்டு, 'திங்கட்கிழமை' என்று எழுதினாள்.

"வீட்டுப்பாடம் உண்டா டீச்சர்?"

"அதை உங்க வாத்தியார்கிட்ட கேளுங்க."