ஒரு சொட்டு டீசல்

தலைமை அலுவலகத்திலிருந்து வந்த இன்ஜினியர் மாத அறிக்கையை ஆட்டிக் காட்டினார்.

"வேலை இல்லாதப்பவும் பொக்லைன் எல்லாம் உறுமிக்கிட்டே நிக்குது. டீசல் பாழ், ஊரெல்லாம் புகை! நாலாம் நம்பர் வண்டியைப் பாருங்க. மாசம் முழுக்க ஒரு நிமிஷம்கூடச் சும்மா ஓடல."

மற்ற டிரைவர்கள் தலைகுனிந்தார்கள். நாலாம் நம்பர் டிரைவர் இடுப்பைப் பிடித்தபடி எழுந்து வந்து பாராட்டுச் சான்றிதழை வாங்கினார். விரல்கள் மடங்க மறுத்தன.

"எப்படிண்ணே சாதிச்சீங்க? இவங்களுக்கும் சொல்லுங்க."

"வண்டி படுத்து ஒரு மாசமாச்சு சார். மெக்கானிக்கை அனுப்பச் சொல்லி உங்க ஆபீசுக்கு மூணு தடவை எழுதிட்டேன்."

"அப்போ குழி தோண்டினது?"

கொப்புளம் வெடித்த உள்ளங்கையை அவர் காட்டினார்.

"மண்வெட்டிதான் சார். நான் நின்னா அதுவும் நின்னுடும்."