மன்னிப்பு ஸ்டாக் இல்லை

“உங்க பொண்ணைக் கூப்பிடுங்க. என்கிட்ட மன்னிப்புக் கேக்கணும்!”

கதவு முழுசாகத் திறப்பதற்குள் டிக்கெட் பரிசோதகர் ஆரம்பித்துவிட்டார். ரயில்வே வேலையிலிருந்து அவர் ஓய்வு பெற்றுவிட்டார். குரல் மட்டும் இன்னும் ஓய்வு பெறவில்லை. ஓடும் ரயிலில் எத்தனையோ முரடர்களை வழிக்குக் கொண்டுவந்தவர். இந்தக் குடியிருப்புக்கு வந்து ஒரு வாரம்கூட ஆகவில்லை, அதற்குள் ஒரு பொடிசு லிஃப்டில் வைத்து அவர் மானத்தை வாங்கிவிட்டது.

கதவைத் திறந்தவளுக்குத் தலை பாதிதான் வாரியிருந்தது. ஒரு கையில் கத்தரிக்கோல், மறு கையில் ஒரு சின்ன கவுன். கழுத்துப் பக்கம் இருந்த துணி லேபிளை நூல் பிசிறுகூட மிஞ்சாமல் வெட்டிக்கொண்டிருந்தாள். வேலையை நிறுத்தவில்லை.

“லிஃப்ட் பட்டன் எல்லாத்தையும் அமுக்கிட்டாளா, சார்?”

“அமுக்கினா. நான் அதுக்கு வரல...”

“உங்க பையைப் பிடிச்சு இழுத்தாளா? செருப்பைக் கழட்டி எறிஞ்சாளா?”

“என்னம்மா, மனப்பாடம் பண்ண மாதிரி ஒப்பிக்கிறீங்க?”

“பின்னே? மேல் வீடு, கீழ் வீடு, வாட்ச்மேன்னு தினம் யாராவது இந்த வாசல்ல வந்து நிக்கறாங்க. நானும் கேக்காத மன்னிப்பு இல்ல, சார். பஸ்ல கேட்டேன். பல் டாக்டர்கிட்ட கேட்டேன். முடி வெட்டற கடையில, துணிக்கடையில, சொந்த நாத்தனார் வீட்டுக் கல்யாணத்துல... போன மாசத்தோட ஸ்டாக் தீர்ந்துபோச்சு. இனிமே வரவங்க யாருக்கும் கிடையாது.”

பரிசோதகர் அவள் தோளுக்கு மேலாக எட்டிப் பார்த்தார். கதவில் பெரியவர்கள் கைக்கு மட்டும் எட்டும் உயரத்தில் இரண்டு தாழ்ப்பாள்கள். மேஜை முனைகளில் எல்லாம் பஞ்சு சுற்றியிருந்தது. மேஜைக்கு அடியில் அந்தப் பொடிசு காதுகளை இறுக்கி மூடிய ஹெட்ஃபோனோடு குப்புறப் படுத்து, பாட்டில் மூடிகளை நிறம் பிரித்து வரிசையாக அடுக்கிக்கொண்டிருந்தாள். வாசலில் தன் பெயரில் ஒரு ரகளை நடப்பதைக் கண்டுகொள்ளவே இல்லை.

செல்லம் கொடுத்துக் கெடுத்த வீடு என்று அவர் மனசுக்குள் தீர்ப்பு எழுதினார்.

“அவ அப்படித்தான், சார். சின்னதுலேயே டாக்டர் சொல்லிட்டார். குக்கர் விசில் அடிச்சா ஆகாது. சட்டையில லேபிள் இருந்தா உடம்பைப் பிச்சுக்குவா. கதவு திறந்திருந்தா ஒரே ஓட்டம். இன்னிக்கு நான் சாவியை எடுக்கத் திரும்பினேன், அதுக்குள்ள லிஃப்டுக்குள்ள போயிட்டா. படியில உருளாத குறையா இறங்கி வந்து அள்ளிக்கிட்டு வந்தேன். பக்கத்துல நீங்க நின்னதுகூட என் கண்ணுல படல.”

“சரிம்மா, வியாதி இருக்கட்டும்...”

“வியாதி இல்ல. காய்ச்சல் வந்தா வியாதி. இவ இப்படி.”

“இருக்கட்டும்மா! அதுக்காக வயசுல பெரியவனை மரியாதை இல்லாம பேசலாமா?”

கத்தரிக்கோல் நின்றது.

“என்ன சொல்றீங்க?”

“எல்லா பட்டனையும் அமுக்காதேன்னு கையை மெதுவாத் தட்டிவிட்டேன். என் முகத்தைப் பார்த்து ‘போடா’ன்னு சொல்றா! என் பேத்தி வயசு! என்னை! ‘போடா’!”

“இருக்காது, சார்.”

அவருக்கு ரத்தம் தலைக்கேறியது. “இந்த வயசுல வீடு தேடி வந்து பொய் சொல்றேனா?”

“வேற ஏதாவது காதுல விழுந்திருக்கும்.”

“என் காது நல்லாத்தான் கேக்குது!”

“‘போ’ மட்டும் கேட்டுச்சா, ‘டா’வும் கேட்டுச்சா?”

“‘டா’வும்தான்! அழுத்தம் திருத்தமா!”

“உங்களைப் பார்த்துச் சொன்னாளா, பட்டனைப் பார்த்தா?”

“கண்ணுக்குக் கண்ணு பார்த்தும்மா!”

டிக்கெட் இல்லாதவனைத் தான் குடைவதுபோல இவள் தன்னையே குடைகிறாளே என்று அவருக்குப் பற்றிக்கொண்டு வந்தது. அவளோ உள்ளே திரும்பிக் கத்தினாள். “ஏங்க! போட்டது போட்டபடி ஓடி வாங்க!”

பாதி முகத்தில் சவர நுரையோடு கணவன் ஓடி வந்தான்.

“சார், அவ சொன்ன மாதிரியே இவர்கிட்ட ஒரு தடவை சொல்லுங்க.”

“எதை?”

“அந்த வார்த்தையை.”

பரிசோதகர் கூச்சத்தையும் கோபத்தையும் சேர்த்து விழுங்கிக்கொண்டு, முன்பின் பழக்கமில்லாத அந்த மனிதனின் முகத்துக்கு நேராக, “போடா!” என்றார்.

கணவனுக்குக் கோபம் வரவில்லை. சுவரைப் பிடித்தபடி அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டான். அவள் சிரித்தாள். வாயைப் பொத்திக்கொண்டாள். பொத்தியும் சிரிப்பு அடங்கவில்லை.

“சிரிப்பு வேறயா? குடும்பமே இந்த லட்சணம்தானா? பொண்ணைக் கூப்பிட்டு நாலு வார்த்தை கண்டிங்கம்மா!”

“மாட்டேன்.” புறங்கையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு நிமிர்ந்தாள். “கண்டிக்கவும் மாட்டேன், மன்னிப்புக் கேக்கவும் மாட்டேன். நீங்க வீடு வீடாப் போய்ப் புகார் சொல்லுங்க. சங்கத்துல சொல்லுங்க. மைக் வெச்சு வேணும்னாலும் சொல்லுங்க. என் பொண்ணு உங்களைப் போடான்னு சொன்னது இந்தத் தெருவுக்கே கேக்கட்டும்!”

“என்னம்மா திமிர் இது!”

“திமிர்தான், சார். பொறந்ததுலேருந்து ஒரு வார்த்தை பேசாதவ அவ. ‘அம்மா’ன்னு ஒரு தடவை கூப்பிட மாட்டாளான்னு எட்டு வருஷமா நான் அவ வாயையே பார்த்துக்கிட்டிருக்கேன், அவ வாயைத் திறந்து பேசின முதல் வார்த்தை உங்களுக்குல்ல கிடைச்சிருக்கு!”