அபிநயாவின் எடை

மலையைச் சுற்றிக் காட்ட ஜமுனாமரத்தூரில் ஒரே ஒரு குட்டி விமானத்தோடு தொடங்கிய வாடகை விமானக் கம்பெனி, இரண்டு வருடம் ஓஹோவென்று ஓடியது. ஏறுகிறவர்களை எடை போட்டு அனுப்புவது ஈஸ்வரியின் வேலை. ஒருநாள் மகள் அபிநயாவையும் ஆசைக்கு ஏற்றிவிட்டாள். பதினெட்டு கிலோ. காலை பத்து மணிக்குக் கிளம்பிய விமானம் திரும்பவே இல்லை. கம்பெனியை மூடிவிட்டார்கள்.

எடை மெஷினை ஈஸ்வரி வீட்டுக்குக் கொண்டுவந்து புளி நிறுத்து விற்றாள். தினமும் பத்து மணிக்கு, எதுவும் வைக்காமலே அதில் பதினெட்டு வரும். ரிப்பேர்காரர் கழற்றிப் பார்த்துவிட்டு, "மெஷின் நல்லாத்தாங்க கீது" என்றார்.

மறுவருடம் இருபது வந்தது. இந்த ஆடியில் முப்பத்தொன்று.

நேற்று முப்பதுதான் காட்டியது. ஈஸ்வரி வெறும் தட்டைத் தடவிக்கொடுத்தாள்.

"இன்னாடி, ஒழுங்கா துன்றதில்லையா?"