தாங்காத உடம்பு

டாக்டர் இன்று அவனை வாயைத் திறக்கச் சொல்லவில்லை. வலது கையைப் பிடித்திருந்தார்.

கட்டைவிரலோடு ஒட்டி இன்னொரு சின்னக் கட்டைவிரல். அதற்கும் நகம் உண்டு.

பிறந்தபோதே எடுத்துவிடலாம் என்றார்கள். அதிர்ஷ்டம், இருக்கட்டும் என்று வீட்டில் சொல்லிவிட்டார்கள். புதுவீட்டுக்கு முதல் செங்கல்லை அந்தக் கையால்தான் வைக்கச் சொன்னார்கள்.

“சொந்தத்துல கல்யாணமா?” என்று போன வாரம் அவன் அம்மாவிடம் கேட்டிருந்தார்.

“தாய்மாமாதான் சார்.”

சொல்லும்போது அவளுக்கு லேசாகச் சிரிப்புக்கூட வந்தது. மகனின் வாய்ப்புண்ணுக்கு வந்த இடத்தில் தன் கல்யாணத்தைப் பற்றி என்ன கேள்வி.

இன்று ரத்தப் பரிசோதனையின் முடிவு வந்துவிட்டது.

டாக்டர் நிதானமாகச் சொன்னார். பிறவிக் குறை. ஆயிரத்தில் ஒருவருக்குக்கூட வராதது. உள்ளே பழுதானதைச் சரிசெய்துகொள்ள இந்த உடம்புக்குத் தெரியாது. சின்ன வயதிலிருந்து ரத்தம் குறைவாகவே இருந்தது அதனால்தான். வெற்றிலைகூடப் போடாதவனுக்கு இருபத்திரண்டு வயதில் நாக்கில் புற்று வந்ததும் அதனால்தான்.

புகையிலை போடுகிறானோ என்று அவள் அவன் சட்டைப்பையைத் துழாவியிருக்கிறாள்.

வாய் எப்படிடா இருக்கு என்று கேட்டால், “நல்லாத்தான்மா இருக்கு” என்பான். தயிர்சாதத்தைப் பாதியில் தள்ளிவைத்துவிட்டு, எங்கோ பார்த்துக்கொண்டு சொல்வான்.

“ஆபரேஷன் பண்ணிரலாம்மா. நாளைக்கு அட்மிட் ஆகிடட்டும். நாக்குல பாதி போகும். மத்தவங்களுக்குன்னா அதுக்கப்புறம் கரண்ட், அதான் ரேடியேஷன், வைப்போம். தம்பிக்கு வைக்க முடியாது. இந்த உடம்பு தாங்காது.”

“திரும்ப வந்தா சார்?” அவன்தான் கேட்டான்.

டாக்டர் அந்தச் சின்ன விரலை ஒருமுறை அழுத்திவிட்டுக் கையை விட்டார்.

பிறகு அவளிடம், “கூடப் பிறந்தவங்க?” என்றார்.

“ஒரு தங்கச்சி இருக்கா சார். பன்னெண்டாவது. திங்கக்கிழமை பரீட்சை ஆரம்பிக்குது.”

“பரீட்சை முடிச்சிட்டே வரட்டும். ரத்தம் பார்க்கணும். வாய்க்குள்ள வெள்ளையா எதுவும் இருந்தா மட்டும் காத்திருக்காதீங்க.”

வெளியே நீளமான பெஞ்ச். பக்கத்தில் உட்கார்ந்திருந்தவருக்குக் கழுத்து முழுக்கக் கருகியிருந்தது. துண்டை ஈரமாக்கி அதன்மேல் போட்டிருந்தார்.

“தம்பிக்கு எத்தனை கரண்ட்டு?”

“வேண்டாம்னுட்டாங்க,” என்றாள்.

“அடேயப்பா! கொடுத்து வச்சவன்யா நீ.” அவன் முதுகில் தட்டினார். “எனக்கு முப்பத்திமூணு. எச்சியே ஊற மாட்டேங்குது. சோறு மண்ணு மாதிரி இருக்கு.”

அவள் அந்தக் கருகிய கழுத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். பொறாமையாக இருந்தது.

மகள் பிரவீணாவுக்குக் கையில் பத்து விரல்தான். அதில் சந்தேகமில்லை. ஆனால் வகுப்பில் அவள்தான் எல்லோரையும்விடக் குள்ளம். இடுப்பில் காப்பி சிந்தியதுபோல ஒரு திட்டு. மச்சம் என்று விட்டிருந்தார்கள். அண்ணனுக்கும் அதேபோல் தோளில் உண்டு.

போனை எடுத்து வீடியோவில் கூப்பிட்டாள்.

பாதி பின்னிய சடையும் மடியில் பிசிக்ஸ் புத்தகமுமாக மகள் வந்தாள்.

“என்னம்மா, உன் புள்ள ஊசியப் பார்த்து அழுதுச்சா?”

“வாயைத் திற. நாக்கை நீட்டு.”

“எதுக்கு?”

“நீட்டுடி.”

அண்ணனுக்குக் காட்டத்தான் என்று மகள் நினைத்துக்கொண்டாள். கண்ணைச் சொருகி, மூக்கைச் சுருக்கி, நாக்கை முழுசாக வெளியே தள்ளி அழகு காட்டினாள்.

அம்மாவால் பார்க்க முடியவில்லை. திரை கலங்கியது.

அவன் போனை வாங்கிக்கொண்டான்.

ஆறு மாதமாகக் குளியலறைக் கண்ணாடியில் தன் நாக்கைப் பார்த்தவன். அது எங்கே தொடங்கும், தொடங்கும்போது எவ்வளவு சின்னதாக இருக்கும் என்று அவனுக்குத் தெரியும்.

“இன்னும் நீட்டு குரங்கே. அவ்வளவுதானா?”

நீட்டினாள்.

“இந்தப் பக்கம். வெளிச்சத்துக்குத் திரும்பு.”

திரும்பினாள்.

போனைக் கண்ணருகே கொண்டுபோனான்.

பிறகு அவனும் பதிலுக்கு நாக்கை நீட்டினான். வலியில் கண் நிறைந்தது. இழுத்துக்கொள்ளவில்லை. தங்கை புத்தகம் விழுவது தெரியாமல் சிரித்தாள். இந்தப் பக்கம் கழுத்துக் கருகியவரும் சிரித்தார்.

அழைப்பைத் துண்டித்தான். போனை அம்மாவின் மடியில் கவிழ்த்து வைத்தான்.

“நல்லாத்தான்மா இருக்கு.”

எதிர்ச் சுவரைப் பார்த்துக்கொண்டிருந்தான்.

அவள் போனைத் திருப்பி எடுத்துக் கணவனைக் கூப்பிட்டாள்.

“மாமா.”

கல்யாணத்துக்கு முன்பும் அப்படித்தான் கூப்பிடுவாள்.

“நாளைக்கு வரும்போது பிரவீணாவையும் கூட்டிட்டு வாங்க.”

அவர் பரீட்சையைப் பற்றி ஏதோ சொன்னார்.

“அடுத்த வருசம் எழுதிக்கட்டும் மாமா.”