உப்பில்லாத சீலா மீன் குழம்பு

பசியை அடக்க இஞ்ஞாசியின் வயிற்றில் டாக்டரம்மா நெல்மணி அளவு மின்னணுச் சில்லு ஒன்றை வைத்து எட்டு மாதம் ஆகிறது. நாலு வாய் உள்ளே போனதுமே, ‘போதும்’ என்று அது மூளைக்குச் சேதி சொல்லிவிடும். இருபத்தெட்டு கிலோ குறைந்தார், சர்க்கரையும் அடங்கியது. ஆனால் முப்பது வருஷமாகக் குழம்பில் குற்றம் சொல்லாமல் கை கழுவாத மனுஷன், இப்போது வாயே திறப்பதில்லை. ஒருநாள் அவர் மனைவி லூர்தம்மாள் சீலா மீன் குழம்பில் உப்புப் போடவே மறந்துவிட்டாள். அதையும் பேசாமல் தின்றுவிட்டு எழுந்து போனார். அன்றைக்கு அவள் அடுப்படியில் உட்கார்ந்து அழுதாள்.

“சாப்பாட்ட மருந்து முழுங்குத மாதிரில்லா முழுங்குதாவ, டாக்டரம்மா!” என்று சண்டை பிடித்து, போன வாரம்தான் சில்லின் வீரியத்தைக் கொஞ்சம் குறைக்க வைத்தாள்.

இன்று மறுபடியும் சீலா மீன் குழம்பு. வேண்டுமென்றே உப்புப் போடாமல் ஊற்றிவிட்டு, எதிரே உட்கார்ந்து அவர் வாயையே பார்த்தாள்.

முதல் வாயிலேயே தட்டைத் தள்ளினார் இஞ்ஞாசி. “ஏட்டி, உப்புப் போட்டியா இல்லியா? மனுசன் திம்பானா இத?”

“மாதாவே!” என்று கும்பிட்டுவிட்டு, உப்புப் போட்டுத் தனியே எடுத்து வைத்திருந்த குழம்புச் சட்டியைத் தூக்கிக்கொண்டு ஓடி வந்தாள் லூர்தம்மாள்.