வெள்ளையாய் விட்ட இடம்

"அக்கா, எல்லையில சுடறது எதிரி இல்லக்கா. நம்ம சக்கரவர்த்தியோட படையேதான்!"

ஆளுநரின் காரை ஓட்டும் தம்பி, செருப்பைக்கூடக் கழற்றாமல் உள்ளே ஓடிவந்து சொன்னான். அக்காவுக்குக் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை. எல்லை ஊரில்தான் அவளுடைய ஒரே மகள் இருக்கிறாள், நிறைமாதக் கர்ப்பிணியாக. காலையிலிருந்து அந்த ஊருக்குத் தொலைபேசியே கிடைக்கவில்லை.

"உளறாதடா! ஆயிரத்து எண்ணூறு வருஷமா அவரோட வம்சத்துக்குக் கீழதானே இருக்கோம்? சொந்த மாகாணத்து மேலேயே யாராவது டாங்கிய விடுவாங்களா?"

"தலைநகருக்குப் போன வரைபடத்துல நம்ம மாகாணம் வெள்ளையா இருக்காம்க்கா."

அந்தச் சாம்ராஜ்யத்து வரைபடங்களில் சக்கரவர்த்தியின் மண் என்றால் சிவப்பு. வெள்ளை என்றால் இன்னும் பிடிக்காத மண். எந்தச் சக்கரவர்த்தியும் மாளிகையை விட்டு வெளியே வந்து ஊரைப் பார்த்ததில்லை. படத்தைப் பார்ப்பார், படையை அனுப்புவார், சாப்பிடப் போய்விடுவார்.

"ஆளுநர் தலைநகருக்குப் போன் போட்டுக் கெஞ்சினார்க்கா. 'படத்துல இல்லாத மாகாணத்துக்கு ஆளுநர் ஏது? நீ யாருய்யா?'ன்னு கேட்டுட்டு வச்சுட்டாங்களாம்."

வேறு நாளாக இருந்தால் அக்கா விழுந்து விழுந்து சிரித்திருப்பாள். இன்று கணவர் பக்கம் திரும்பினாள். அவர் ஜன்னலோரம் நின்று, மகளின் எண்ணை மறுபடி மறுபடி சுழற்றிக்கொண்டிருந்தார்.

"ஏங்க, வரைபடம் உங்க ஆபீஸ்ல வரைஞ்சுதானே போச்சு? அத்தனை பேர் உட்கார்ந்திருக்கீங்க, ஒருத்தர் கண்ணுலகூடவா படல?"

அவர் மறுபடியும் முதல் எண்ணிலிருந்து சுழற்றத் தொடங்கினார்.

"சாயம் பூசாம விட்டவன் எவனோ, அவன் கை விளங்காமப் போக! பிள்ளைத்தாச்சிப் பொண்ணு அங்க என்ன பாடுபடறாளோ! அவனுக்கும் ஒரு பொண்ணு இருந்திருந்தா இப்படி அலட்சியமா விட்டிருப்பானா?"

"ஆளைத்தான் தேடிக்கிட்டிருக்காங்க," என்றான் தம்பி. "யாருன்னு உங்களுக்குத் தெரியுமா மாமா?"

ரிசீவர் அவர் கையிலிருந்து நழுவித் தொங்கியது.

"அவனுக்கும் ஒரு பொண்ணு இருக்கா," என்றார். "எட்டு மாசத்துக்கு முன்னாடி. அன்னைக்குச் சாயங்காலமே அனுப்ப வேண்டிய படம். நம்ம மாகாணம் மட்டும்தான் பாக்கி. தூரிகையைச் சாயத்துல தோய்ச்சுட்டேன். அப்பத்தான் நீ போன் பண்ணி, நம்ம பொண்ணு முழுகாம இருக்கான்னு சொன்னே. சந்தோஷத்துல அப்படியே போட்டுட்டு வீட்டுக்கு ஓடிவந்துட்டேன்."