முதுகில் நிறையும் காற்று

பவானிபூரில் விளையாட்டுச் சாமான் கடையின் மாடியில் மதுவந்தி கண்ணாடிமுன் நிற்கிறாள். அந்தமானில் ஸ்கூபா கற்றுக்கொண்டு வந்தவள், இப்போது சொந்தமாக முதல் ஜாக்கெட் வாங்குகிறாள். கடலுக்கடியில் மிதப்பதற்குக் காற்று நிரப்பும் ஜாக்கெட் அது. கடைப்பெண் ஷோர்மி பொத்தானை அழுத்துகிறாள். காற்று சீறி ஏறி, ஜாக்கெட் விலாவைச் சுற்றி இறுகுகிறது. மதுவந்தி முகம் சுளிக்கிறாள். “லாக்சே, தீதி?” என்று ஷோர்மி வலிக்கிறதா எனக் கேட்கிறாள். இடது மார்பை ஆபரேஷனில் எடுத்துவிட்டார்கள், தழும்பில் அழுத்துகிறது என்று மதுவந்தி வங்காள மொழியில் சாதாரணமாகச் சொல்கிறாள். அவள் கணவர் ஜெய்ராம் ஜன்னலோரம் உட்கார்ந்து கீழே நகரும் பஸ்களைப் பார்க்கிறார். “இந்த வருஷம் வேண்டாமே, மது.” “டாக்டரே சரின்னுட்டார். உங்களுக்குத்தான் இன்னும் பயம்.” ஷோர்மி வேறொன்றை மாட்டிவிடுகிறாள். இதில் காற்றுப்பை முதுகில் மட்டும்தான். முன்னால் வெறும் பட்டைகள். அதற்குள் கீழிருந்து அழைப்பு வர, அவள் இறங்கிப் போகிறாள். மார்புப் பட்டை தழும்பின்மேல் கிடக்கிறது. “கொஞ்சம் மேல தள்ளி விடுங்கோ.” ஜெய்ராம் எழுந்து வருகிறார். ஆபரேஷனுக்குப் பிறகு அந்தப் பக்கம் அவர் கை பட்டதில்லை. விரல்கள் பட்டைக்கு அருகில் வந்து நிற்கின்றன. “தொடுங்கோ. ஒண்ணும் ஆகாது.” அவர் பட்டையைக் கழுத்தெலும்புக்குக் கீழே நகர்த்தி, கொக்கியை மாட்டுகிறார். மதுவந்தி தானே பொத்தானை அழுத்துகிறாள். முதுகில் பை உப்புகிறது. நெஞ்சு நிறைய மூச்சை இழுத்து விடுகிறாள். “அழுத்தறதா?” “இல்லை. இதையே எடுத்துக்கறேன்.” சரி என்று தலையாட்டுகிறார். கையை மட்டும் அவர் எடுக்கவில்லை.